என்ன வேலை அக்கா

சீமைக்குப் போய்வந்தவள் வாயைத் திறந்தால் லண்டன் வர வேண்டும். அரண்மனை வர வேண்டும், பனி கொட்ட வேண்டும், ராணியம்மா குதிரை வண்டியில் உட்கார்ந்து கையசைக்க வேண்டும். எங்கள் டீச்சரக்கா வாயைத் திறந்தால் தோல் ஊறப்போடுகிற தொட்டியின் நாற்றம்தான் வந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. ஆசிரியர் பயிற்சிக்கென்று அரசாங்கம் கப்பலேற்றி அனுப்பிய பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. இரண்டு வருஷம் படித்துவிட்டு மலாக்கா திரும்பி, காஜா பெராங்கில் எங்கள் வீட்டை ஒட்டின வாடகை வீட்டில் தனியாகக் குடியேறினாள். கல்யாணம் ஆகவில்லை. தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டாள். இரண்டில் எது பெரிய குற்றம் என்று தெருப் பெண்களால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு படிப்பகம் இருந்தது. நாலைந்து பெஞ்சு, ஒரு ரேடியோ, எப்போதும் யாராவது ஒருவர் மடியில் பிடித்து வைத்திருக்கும் நாளிதழ். அங்கேதான் அவளுக்கு வரவேற்புக் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டார்கள், ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். கல்யாணமாகி வந்த புதிது; வீட்டை விட்டு வெளியே வர ஏதாவது சாக்கு வேண்டியிருந்தது.

"நான் இருந்தது சின்ன ஊருங்க" என்று ஆரம்பித்தாள். "வாரத்துல ஒருநாள் நடு சதுக்கத்துல சந்தை. ஆடு வரும், பாலாடைக்கட்டி வரும், முட்டை வரும். இந்த ஊரு எதால பொழைச்சுதுன்னு போன மொத வாரமே கேட்டேன். வீட்டுக்கார அம்மா என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டினாங்க."

பிறகு அரைமணி நேரம் அந்த ஊரை எங்கள் முன்னால் கொட்டினாள். மழைத்தண்ணீர் தேங்குகிற களிமண் நிலம், அதனால் ஊரோரத்தில் செங்கல் சூளை. ஆடுமாடு நிறைய, அதனால் ஆற்றங்கரையில் தோல் பதனிடும் தொட்டி. தோல் இருந்ததால் ஒரு தெரு முழுக்கச் சேணம் தைத்தார்கள். இன்னொரு தெருவில் பெண்கள் சமையலறையில் உட்கார்ந்து கையுறை தைத்தார்கள். அப்புறம் கால்வாய் வெட்டினார்கள். கரையில் குதிரை நடக்க, அதன் பின்னால் படகு மிதந்துவரும். செங்கல்லும் தோலும் அதில் ஏறி வெளியூர் போயின. கடைசியில் ரயில் வந்தது, கால்வாய் படுத்துவிட்டது, படகோட்டிகள் ரயிலடியில் மூட்டை தூக்கப் போனார்கள். ஒன்றிலிருந்து ஒன்று எப்படி முளைத்தது என்று அவள் சொன்னதைக் கேட்க எனக்குக் கதை மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை.

"ஏம்பா, இவள லண்டனுக்குத்தான அனுப்புனாங்க?" என்று படிப்பகத்துப் பொருளாளர் பக்கத்திலிருந்தவர் காதில் கேட்டார். அவர் காதோடு சொன்னது கூடத்துக்கே கேட்டது.

ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "ராணியப் பாத்தீங்களா டீச்சர்?"

"இல்லீங்க. சேணம் தைக்கிற கிழவரப் பாத்தேன். ஊசி குத்திக் குத்தி அவரு கட்டவிரல்ல நகமே முளைக்கல" என்றாள். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முகம் நிறைய ஆசையோடு எங்களைப் பார்த்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் இங்க வந்து என்ன வேலை செஞ்சாங்க?"

வாய்க்குப் போன ஆரஞ்சுத் தண்ணீர்க் குவளைகள் பாதியில் இறங்கின. வெளியாருக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். நம் ஆட்களிடம் வீட்டுப் பெரியவர் என்ன வேலை செய்தார் என்று கேட்பதும், நீ என்ன சாதி என்று கேட்பதும் ஒன்றுதான். அதிலும் கடல் தாண்டி வந்து, பழசை எல்லாம் துறைமுகத்திலேயே உதறிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். குடைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நன்றியுரை சொல்ல வேண்டியவருக்குத் திடீரென்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு 'என்ன வேலை அக்கா' என்று பெயர் விழுந்தது. அவள் காதுக்கும் வந்தது. சிரித்தாள், விடவில்லை.

அவள் நடையே ஒரு தினுசு. கடைவீடுகளின் முன்பக்கம் நடக்க மாட்டாள். கக்கூஸ் வாளி எடுக்கிறவர்களும் பூனைகளும் மட்டும் போகிற பின்சந்துகள் இருக்குமே, அதற்குள் புகுந்து புகுந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், வருவாள். ஏன் அக்கா இந்த நாற்றத்தில் போகிறீர்கள் என்றால், "முன்னால பெயின்ட் அடிச்சுடுவாங்க தங்கச்சி, பின்னால அடிக்க மாட்டாங்க. ஊரு எப்படி ஓடுதுன்னு பின்னாலதான் தெரியும்" என்பாள். போகிற வழியில் குடைநுனியால் சுவர்களைத் தட்டுவாள். வண்டிப் பட்டறைக்காரர், சவப்பெட்டி செய்கிற சீனக் கிழவர், கூரைக்கு அத்தாப் ஓலை பின்னுகிற மலாய்க்காரப் பெண், யாரும் தப்பவில்லை. சீனரிடமும் மலாய்க்காரர்களிடமும் அந்தக் கேள்வி செல்லுபடியாயிற்று. தேநீர் கொடுத்துச் சொன்னார்கள். எந்த மேட்டில் மரவள்ளி மாவு ஆலை இருந்தது, எந்தப் புகைபோக்கி எதற்கு நின்றது, செங் ஊருக்குப் போகிற வழியில் பள்ளம் பள்ளமாகக் கிடக்கிறதே, அது எந்தச் சூளைக்கு மண் வெட்டின பள்ளம் என்றெல்லாம் வந்து என்னிடம் ஒப்பிப்பாள். தமிழாட்களிடம்தான் திட்டு வாங்கிக்கொண்டு வருவாள்.

என்னையும் கேட்டாள். வந்து சேர்ந்த மறுவாரம் வேலியோரம் நின்று, "நீ என்ன வேலை செய்யிற?" என்றாள்.

"நான் என்னக்கா, வீட்ல சும்மா இருக்கேன்."

"சும்மாவா? காலையில எந்திரிச்சதுலருந்து சொல்லு பாப்போம்."

சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது, பால் அளந்தது, இடியாப்பத்துக்கு மாவு பிசைந்தது, கிணற்றடி, துணி, மறுபடியும் மாடு. சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது. முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை. அதுவரை அதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "சும்மா நிக்கிற ஊருன்னு எங்கயும் ஒண்ணு இல்ல தங்கச்சி. யாராவது தாங்கிப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவளுக்குக் காலம் முழுக்க இடியாப்பம் அவித்துப் போட்டிருப்பேன்.

என் சமையலறையில் ஒரு பெஞ்சு உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அதில் வந்து உட்கார்ந்துகொள்வாள், நான் மாவு பிழிவேன், அவள் அந்த ஊர்க்கதை சொல்வாள். எனக்கு மிகவும் பிடித்தது மாடி அறைக் கதை. சந்தைக் கட்டடத்துக்கு மேலே ஓர் அறையாம். மாதம் ஒருமுறை ஊர்க்காரர்கள் அங்கே கூடுவார்களாம். ஒவ்வொருவராக எழுந்து நின்று, பேரைச் சொல்லி, அப்பா என்ன வேலை செய்தார், அம்மா என்ன வேலை செய்தார் என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். ஒருவர் எங்கப்பா படகுக் குதிரை மேய்த்தார் என்பாராம். ஒரு பாட்டி, எங்கம்மா கதியில்லாதவர்களை அடைத்துவைக்கிற விடுதியில் என்னைப் பெற்றாள், அங்கேயே பழங்கயிறு பிரித்தாள் என்பாளாம். சொல்லி முடித்ததும் எல்லாரும் கை தட்டுவார்களாம்.

"வெக்கப்படவே மாட்டாங்களாக்கா?"

"ஏன் படமாட்டாங்க? அந்தப் பாட்டி சொல்லும்போது கை நடுங்குச்சு. இருந்தாலும் நின்னு சொன்னாங்க" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அவள் தங்கியிருந்த வீட்டின் சமையலறைச் சுவரில் ஒரு செங்கல். அதில் சின்னக் குழந்தையின் நாலு விரல் பதிந்திருக்கும். அந்த ஊர்ச் சூளையில் ஒருகாலத்தில் குழந்தைகள்தான் பச்சைக் கல்லைத் தூக்கிக் காயவைத்தார்களாம். வீட்டுக்கார அம்மா தினமும் பாத்திரம் கழுவும்போது அந்த விரல்களைத் துடைத்துவிடுவாராம்.

இதை அவள் சொன்னபோது கதவோரம் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். திரும்பி மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாடு வைத்துத் தெருவில் பால் ஊற்றினார். ஆனால் அந்தக் காலத்தில் பெரிய தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர் என்பது பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் கிளேபாங்கிலிருந்து என் அப்பா என்னை இங்கே கொடுத்தார். கங்காணி வீடு என்றால் சும்மாவா! மாமாவின் இடக்கையில் நடுவிரல் பாதிதான் இருக்கும். தோட்டத்தில் நாகப்பாம்பு கடித்ததாகவும், விஷம் ஏறுமுன் தானே கத்தியால் வெட்டி எறிந்ததாகவும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் பாம்பு ஒரு முழம் வளரும். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தார். இந்தக் கதை நடக்கும்போதெல்லாம் அவருக்குக் காது கேட்காது. இன்னொரு விஷயமும் எனக்குப் புரியவில்லை. தெருத்தெருவாகப் பால் ஊற்றுகிற மனிதர், பக்கத்திலேயே இருக்கிற கம்போங் செட்டி என்கிற குடியிருப்புக்குள் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டார். சுற்றிக்கொண்டு போவார்.

டீச்சரக்கா அவரையும் விடவில்லை. "ஐயா, நீங்க இங்க வந்த புதுசுல என்ன வேலை செஞ்சீங்க?"

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "யாரப் பாத்து என்ன கேக்குற? சாதி கேக்குறியா? கங்காணிம்மா நானு, கங்காணி! நாலெழுத்து படிச்சுட்டா யார வேணாலும் கேட்டுடலாம்னு நெனப்பா?"

"தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா" என்று கைகூப்பிவிட்டுப் போனாள்.

சில மாதம் கழித்து எங்கள் வீட்டுப் பின்சுவர் மழையில் சரிந்து, கொத்தனார் புதுக்கல் இறக்கினார். மாமா போய் இரண்டு கல்லை எடுத்தார். ஒன்றோடொன்று தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். "வேகல. இது கல்லா, ரொட்டியா?" என்று வீசினார். வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சரக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். நான் அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். உலகத்தையே கேட்டுத் துளைத்த அந்த வாய் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. துணியை உதறி உலர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் மாமாவிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்கிறவளாகத்தான் ஊர் அவளை நினைத்தது; கேட்காமல் இருக்கத் தெரிந்தவள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

மெர்டேக்கா வந்தது. திடலில் கொடியேறியது, நாங்களும் போய்க் கத்திவிட்டு வந்தோம். அடுத்து வந்தது குடியுரிமைக் கலக்கம். காகிதம் இல்லாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று சந்தையில் பேச்சு. என் வீட்டுக்காரர் இங்கே பிறந்தவர், கவலையில்லை. மாமா இந்தியாவில் பிறந்தவர். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் வழக்கம்போலப் பழைய பாட்டையே பாடிவைத்தார்: இன்ன தோட்டம், கங்காணி, இத்தனை வருஷம்.

பதிவு அதிகாரி ஒரு மலாய்க்காரர். கண்ணாடி போட்ட, பதவிசான மனிதர். அவர் அந்தத் தோட்டத்தில் விசாரித்துவிட்டார். அப்படி ஒரு கங்காணி எங்களிடம் இருந்ததே இல்லை என்று பதில் வந்துவிட்டது. மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்: "உன் மகன் பிறந்தபோது நீ இங்கே இருந்தாய், சரி. அது போருக்கு முந்தி. ஜப்பான்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் எங்கே இருந்தாய்? நீ சொன்னது பொய். பொய் சொன்னவனுக்கு நல்லவன் என்று நான் எப்படி எழுதுவேன்? உண்மையைச் சொல்லும் ஆளோடு வா. இல்லாவிட்டால் இது முடியாது."

மாமா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாட்டை விற்கப்போவதாகச் சொன்னார். "அவங்களா ஏத்தி விடறதுக்கு முன்னாடி நானே கப்பல் ஏறிடறேன்." அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. வீடு கூட இல்லை. இந்தக் கிழவர் அங்கே போய் எந்த வாசலில் நிற்பார்? என் வீட்டுக்காரர் கொல்லையில் போய் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு மாமாமேல் வந்த கோபமும் பாவமும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டன.

நான்தான் வேலியைத் தாண்டிப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் மாமாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, திட்டு வாங்கின அதே கேள்வியை, அதே வார்த்தைகளில், மெதுவாகக் கேட்டாள். "ஐயா, நீங்க இங்க வந்த புதுசுல என்ன வேலை செஞ்சீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். மருமகள் முன்னால் எப்படிச் சொல்வது என்று இருந்திருக்கும். நான் உள்ளே போகலாமென்று திரும்பினேன். "இரும்மா, நீயும் கேளு" என்றார்.

"சூளையில கல்லு அறுத்தேன். செங் பக்கத்துல. மண்ண மிதிச்சு, அச்சுல அடிச்சு… வந்ததுலருந்து அதான். இந்த வெரலு மண்ணு அரைக்கிற மிஷினு மரையில போச்சு. பாம்பும் இல்ல, கீம்பும் இல்ல."

"உங்ககூட வேலை செஞ்சவங்க?"

"பாதிப் பேரு சயாமுக்கு ரயில் போடப் போனானுங்க. ஜப்பான்காரன் புடிச்சுட்டுப் போனான். ஒருத்தனும் திரும்பல. நான் ஆறின சூளைக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சேன். ஜப்பான்காரன் போயி ரெண்டு வருஷத்துல சீன மொதலாளி, தவுக்கே, சூளைய மூடிட்டு சிங்கப்பூரு போயிட்டாரு. யாரம்மா வந்து சொல்லுவா? இனிமே நானே சொன்னாலும் அந்த ஆபீஸர் துவான் நம்புவாரா?"

"கம்போங் செட்டிக்குள்ள ஏன் போகமாட்டீங்க?"

அவர் தலை குனிந்தது. "ஜப்பான்காரன் போனதும் அங்க ஒரு குடும்பத்துக் கோயிலுக்கு மதில் கட்டுனாங்க. கல்லு நம்ம சூளைக் கல்லு. நான்தான் அறுத்தேன், நான்தான் வண்டியில கொண்டுபோயி எறக்குனேன். அந்த வீட்டுப் பொம்பள சோறு போட்டுச்சு. பாத்தா அடையாளம் கண்டுக்கும். கங்காணின்னு சொல்லித் திரியிறவன் எப்படி அங்க போறது?"

அவர் சூளையில் ஒரு வழக்கம் இருந்ததாம். ஒரு வரிசை அறுத்து முடித்ததும், கடைசிப் பச்சைக் கல்லின் தலையில், அறுத்தவன் மூன்று விரலை அழுத்த வேண்டும். யார் வரிசை எது என்று தவுக்கேக்கு அதுதான் அடையாளம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கையெழுத்து. இதைக் கேட்டதும் அக்கா குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கம்போங் செட்டிக்காரர்கள் நம்மைப் போலவே கும்பிடுகிறவர்கள், விபூதி பூசுகிறவர்கள். பேச்சு மட்டும் மலாய். அந்தக் கோயில் வீட்டு அம்மாவை எல்லாரும் பீபி என்று கூப்பிடுவார்கள். அக்கா அவரிடம் போய் மலாயில் விஷயத்தைச் சொன்னாள். இருவருமாக மதிலை அடி முதல் தடவிப் பார்த்தார்கள். மதில் பூசப்பட்டிருந்தது. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. பீபி மட்டும் யோசித்துவிட்டுப் பின்பக்கம் போய், தண்ணீர்ச் சால்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த மிச்சக் கற்களைப் புரட்டினார். அங்கே இருந்தது.

பதிவு அலுவலகத்துக்கு அந்தக் கல்லை அக்கா தன் பள்ளிக்கூடப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். மெங்குவாங் ஓலையில் பின்னிய பை. பாரம் தாங்காமல் ஒரு காது அறுந்துவிட்டது. சேலையில் செம்மண் பொடி. பீபி மொடமொடப்பான மலாய் பாஜு சட்டையில், கொண்டையில் ஊசி குத்திக்கொண்டு வந்திருந்தார். நானும் போனேன். அங்கே போனால் பெஞ்சில் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார்! அவரும் அன்றைக்குத்தான் தன் காகிதத்துக்கு வந்திருக்கிறார். சம்பந்தியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். மாமாவின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

அதிகாரி கூப்பிட்டார். கூடம் நிறைய ஆட்கள், எல்லாரும் நம்மவர்கள், தெரிந்தவர்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கெர்ஜா ஆப்பா?" அங்கேயும் அதே கேள்விதான். என்ன வேலை?

மாமா என் அப்பாவை ஒருதரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "சாயா பூவாட் பாத்து பாத்தா, துவான்" என்றார். நான் செங்கல் செய்தவன், ஐயா. போதாதென்று தமிழிலும் ஒருதரம் சொன்னார், கூடத்துக்கே கேட்கிற மாதிரி. "கல்லு அறுத்தவன். கங்காணி இல்ல."

யாரோ கை தட்டினார்கள். திரும்பினால் டீச்சரக்கா! அரசாங்க அலுவலகத்தில், நட்டநடுவில் நின்றுகொண்டு, தன்னந்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பியூன் ஓடிவந்து உஸ் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது, அப்போதைக்கு.

கல் மேசைமேல் ஏறியது. அதன் தலையில் மூன்று குழி. ஓரங்களில் இரண்டு நீளம், நடுவில் ஒன்று குட்டை. அதிகாரி மாமாவின் கையைக் கேட்டார். மாமா இடக்கை விரல்களை அந்தக் குழிகளில் வைத்தார். வெந்த கல் சுருங்கியிருக்கும், உழைத்த விரல் பருத்திருக்கும், முழுசாகப் பொருந்தவில்லை. ஆனால் நடுக்குழிக்கு அந்தப் பாதி விரல்தான் சரி.

"பெத்துல், துவான். தியா புன்யா தாங்கான்" என்றார் பீபி. ஆமாம் ஐயா, அவர் கைதான். ஜப்பான்காரன் போன அந்த வருஷம் இவர்தான் எங்கள் மதிலுக்குக் கல் இறக்கினார், என் கையால் சோறு போட்டேன் என்று சத்தியம் செய்தார்.

அதிகாரி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

"மாலு, துவான்" என்றார் மாமா. வெட்கம் என்ற அந்த ஒரு சொல் அதிகாரிக்குப் போதுமாக இருந்தது. பேனாவை எடுத்துப் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார்.

திரும்பும்போது என் அப்பா மாமாவோடு ஒரே பஸ்ஸில் வந்தார். கங்காணி வீடென்று நம்பிப் பெண் கொடுத்தவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழி போனதும் அப்பா தொண்டையைக் கனைத்தார். "சம்பந்தி, நம்ம வீட்டுக் கெணத்துச் சொவரு இடிஞ்சு கெடக்கு லா. நல்ல கல்லு எங்க கெடைக்கும்?" மாமா கிளேபாங் வரைக்கும் வாய் ஓயாமல் கல்லைப் பற்றியே பேசிக்கொண்டு போனார், எங்கள் நிறுத்தத்தில் இறங்க மறந்துவிட்டார்.

காகிதம் வந்தது. மாடுகள் கொட்டகையிலேயே இருந்தன. மாமா கம்போங் செட்டிக்குள்ளும் பால் ஊற்றினார். பதினாறு முழம் வளர்ந்திருந்த பாம்பு செத்துப்போனது. இதெல்லாம் யாரால் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்ட கேள்வி அவரைச் சுட்டது, அதே கேள்விதான் அவரை இந்த மண்ணில் நிறுத்தியும் வைத்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மலேசியக் காகிதத்தைக் கையில் வாங்கும்போதெல்லாம் நான் அவளை நினைத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் அவளுக்கு வடக்கே எங்கேயோ மாற்றலானது. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை வழக்கம்போல என் சமையலறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பீபி திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்த அந்தக் கல் எங்கள் கதவுக்கு முட்டாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. ஊரையெல்லாம் கேட்டாளே, இவளை ஒருவராவது கேட்டோமா?

"அக்கா, உங்க அப்பா என்ன வேலை செஞ்சாரு?"

அவள் சிரிக்கவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"அந்த மாடி அறையில என் முறையும் வந்துச்சு தங்கச்சி. எந்திரிச்சு நின்னேன். எங்கப்பா வாத்தியாருன்னு சொன்னேன். அவ்வளவு பேர்ல பொய் சொன்னது நான் ஒருத்திதான். அதுக்கும் கை தட்டினாங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

நான் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

பெஞ்சில் இருந்தவள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, அந்த ஊர்க்காரர்கள் நிற்பதாகச் சொல்வாளே, அதுபோல நேராக நின்றாள். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"எங்கப்பா இந்த மலாக்கா டவுன்ல வாளி தூக்கினாரு. விடியறதுக்கு முன்னால, பின்சந்து பின்சந்தா, வீடு வீடா. அவரு ஒரு வாரம் படுத்திருந்தா இந்த ஊரு நாறிப் போயிருக்கும்" என்றாள். குரல் உடையவில்லை. கை மட்டும் நடுங்கியது.

என் கை முழுக்க மாவு. அப்படியே தட்டினேன்.